சந்தனம் பூசிய வோக்கி டோக்கி

"நல்ல சாமானாத்தான் பார்த்து எடுத்திருக்கீங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆமாம், நல்ல சாமான்தான். யார் இல்லையென்றார்கள்? கண்டியில் கடை கடையாக ஏறி இறங்கி, கையில் தூக்கிப் பார்த்து, காதில் வைத்துப் பார்த்து, ஹேவாஹெட்ட மலையில் தூறலுக்குள் நின்று பேசிப் பார்த்து எடுத்த மூன்று வோக்கி டோக்கிகள். அவற்றில் ஒரு குறையும் இருக்கவில்லை. போய்ச் சேர்ந்த கைகளில்தான் குறை.

நான் கண்டி நகரத்தில் தையல்கடை வைத்திருப்பவள். பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பதினெட்டு வயதில் தையல் பழகுகிறேன் என்று பஸ் ஏறியவள் திரும்பிப் போகவில்லை. அக்கா அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே இருந்தாள். தோட்டத்து ஆள்களின் வரிசை வீடுகளை லயம் என்போம்; அவளுடைய லயம் தோட்டத்தின் உச்சியில் கடைசி வரிசை. அதற்குமேல் வீடு கிடையாது, வெறும் மலை.

அந்த மலையில், லயத்துக்கு நேர் பின்னால், ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் கத்தி நுழையும் அளவு. அடுத்த மழைக்குக் கால் நுழையும் அளவு. அரசாங்க ஆள்கள் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், இங்கே இருக்காதீர்கள் என்று சொன்னார்கள். எங்கே போவது என்று கேட்டதற்குக் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். போக்கிடம் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மற்ற ஒற்றையறைக் காம்பராக்கள் எல்லாம் பூட்டிக் கிடக்க, கடைசிக் காம்பராவில் அக்காவும் அத்தானும் மட்டும் இருந்தார்கள்.

அத்தானுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்திருந்தது. பேசுவார், சிரிப்பார், வாய் கொஞ்சம் கோணும், அவ்வளவுதான். ஆனால் எழுந்து நடக்க முடியாது. அவரைக் கதிரையில் உட்காரவைத்து அந்தக் குறுகல் படிகளில் இறக்க நாலு ஆம்பிளைகள் வேண்டும். ஆம்பிளைகள் இருப்பது கீழ் லயங்களில். கண்டிக்கு என்னோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் இருப்பது கடைக்கு மேலே ஒற்றை அறை. ஏணி மாதிரிப் படி. நானே தடுமாறித்தான் ஏறுவேன். வேறு வீடு தேடினேன், அத்தான்தான் தலையாட்டினார். "கொழுந்தியா வீட்டுல போய் ஒக்காந்து சாப்புடுறதுக்கு எனக்கென்ன வயசாயிருச்சா?" என்று சிரித்தார்.

ஆக, விஷயம் இவ்வளவுதான். மலை அசைந்தால் கீழேயிருந்து நாலு பேர் உடனே ஏறி வரவேண்டும். அவர்களைக் கூப்பிட அக்காவின் கையில் ஏதாவது இருக்கவேண்டும். கைத்தொலைபேசி அங்கே நல்ல வெயிலுக்குத்தான் வேலை செய்யும். மழை பிடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் டவர் போகும், டவர் போனால் எல்லாம் போயிற்று. போன வருட மழையில் நான் இங்கேயிருந்து அழைத்து அழைத்து, அந்தப் பதிவுசெய்த குரல் திரும்பத் திரும்பச் சொன்னதையே சொல்ல, போனைத் தூக்கித் துணிக்குவியலில் எறிந்தேன். தைக்கக் கொடுத்திருந்த ஒரு கல்யாணப் பிளவுஸின் மேல் போய் விழுந்தது. அன்றைக்குத்தான் வோக்கி டோக்கி வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் போனது ஒரு பெரிய கடை. டை கட்டிய விற்பனையாளர் ஒருவர், பளபளவென்று வர்ணத் திரை வைத்த சின்ன செட் இரண்டை எடுத்துக்கொண்டு என்னைக் கண்டிக் குளக்கரைக்கே கூட்டிப் போனார். அவர் இந்தக் கரை, நான் அந்தக் கரை. "கேக்குதா மேடம், எவ்வளவு கிளியர் பாருங்க!" கேட்காமல் என்ன செய்யும்? நடுவில் இருப்பது தண்ணீர். என் அக்கா என்ன குளத்துக்கு நடுவிலா குடியிருக்கிறாள்? மலை குறுக்கே நின்றால் எப்படி என்று கேட்டேன். பெட்டியில் பத்துக் கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது மேடம் என்றார். பெட்டி பேசுமா? செட்டை அவர் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் நின்றேன். திகனயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கண்டியில் கடை திறப்பவர். அவருடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவள் நான், அந்தப் பழக்கம். அதே வர்ணத் திரைக்காரன் அவரிடமும் இருந்தது. அதைத்தான் கை நீட்டினேன்.

"அது ஒங்களுக்குச் சரிவராது தங்கச்சி" என்றார். "பாக்க வடிவா ஈக்கும். அதுக்கு அதுட சார்ஜர்தான் வேணும். கரண்ட் போனா என்னத்துல சார்ஜ் போடுவீங்க?"

"அப்ப எதுதான் சரிவரும் நானா?"

அவர் கீழ்த்தட்டிலிருந்து செங்கல் மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். கறுப்பு, கனம், திரையே இல்லை. பக்கத்தில் ஒரே ஒரு பெரிய பொத்தான். "இதுக்கு டோர்ச் பெட்டரி போடலாம். தோட்டத்துக் கடையிலயும் கெடைக்கும். மழையில நனைஞ்சாலும் பேசும். ஈரக் கையால அமுக்கினாலும் வழுக்காது."

"எவ்வளவு தூரம் கேக்கும்?"

"பொய் செல்லி விக்க ஏலா எனக்கு. மல குறுக்கால நிண்டா எந்த செட்டும் கேக்காது. மொதல்ல ரெண்டு எடுங்கோ. மூணாவது வேணுமா எண்டு மல செல்லும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்டும் ஈக்கு. இதுல பேச அனுமதி எடுக்கோணும். தனி ஆள் போய்க் கேட்டா இழுபடும். பதிஞ்ச சங்கம் ஒண்டுட பேர்ல கேளுங்கோ, லேசு."

தோட்டத்தில் பதிந்த சங்கம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, மாரியம்மன் கோயில் கமிட்டி. அந்த இடத்தில் ஆரம்பித்தது வினை. அன்று எனக்கு அது தெரியவில்லை. கமிட்டித் தலைவர் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார். "நல்ல காரியம் தங்கச்சி, செய்ங்க செய்ங்க" என்றார். செட்டுக்கான காசு என்னுடையது, பெயர் கோயிலுடையது. இருந்துவிட்டுப் போகட்டும், அக்கா கையில் செட் இருந்தால் சரி என்று நினைத்தேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று செட்டுக்கே கேட்டிருந்த அனுமதி வந்ததும், இரண்டு செட்டோடு மலை ஏறினேன். ஒன்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு மற்றதோடு கீழ் லயத்துக்கு இறங்கி நின்று கூப்பிட்டேன். ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. நடுவில் மலையின் ஒரு தோள் துருத்திக்கொண்டு நிற்கிறது. மேலே ஏறிக்கொண்டே கூப்பிட்டேன். பாதை வளைகிற இடத்தில் பிள்ளைக் காம்பரா இருக்கிறது, வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம். அந்த வாசலுக்கு வந்ததும் என் கையிலிருந்த செங்கல் திடீரென்று பேசியது.

"ஹலோ, ஹலோ, யாரு, கொழுந்தியாவா? தேத்தண்ணி குடிச்சியா?"

அத்தான்! அக்காவிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

"பேசி முடிச்சா ஓவர்னு சொல்லணும் அத்தான்!"

"தேத்தண்ணி ஓவர். பிஸ்கட் இருந்தா எடுத்திட்டு வா, ஓவர். ஒங்கக்கா ஒரு வாரமா ரொட்டியே சுட்டுப் போடுறா, ஓவர்."

பின்னால் அக்கா அவரைத் திட்டுவதும் கேட்டது. பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று நான் சிரித்த சிரிப்பில், பிள்ளை பார்க்கிற அம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தார். நெடுநாளைக்குப் பிறகு அத்தானின் இடக்கைக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

மலை சொல்லிவிட்டது, மூன்று வேண்டும். அக்கா வீட்டில் ஒன்று, வளைவில் பிள்ளைக் காம்பராவில் ஒன்று, ஆம்பிளைகள் இருக்கும் கீழ் லயத்தில் ஒன்று. அக்கா சொன்னால் வளைவுக்குக் கேட்கும், வளைவிலிருந்து சொன்னால் கீழே கேட்கும். நாலு பேர் ஏறிவிடலாம். மூன்றாவதையும் வாங்கி வந்து, இதையெல்லாம் தலைவரிடம் பாதையைக் காட்டிக் காட்டி விளக்கினேன். ஆகட்டும் ஆகட்டும் என்று கேட்டுக்கொண்டார். "கோயில் பேர்ல எடுத்தது, வெள்ளிக்கிழம ஒரு பூச போட்டுட்டுக் குடுத்துருவோம்" என்றார். பூசைக்கு யார் வேண்டாம் என்பார்கள்? புது பஸ்ஸுக்கும் போடுகிறோம், புதுத் தையல் மெசினுக்கும் போடுகிறோம். என் மெசின் சக்கரத்தில் இன்றைக்கும் குங்குமப் பொட்டு இருக்கிறது. மூன்று செட்டையும் அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை போனேன். அம்மன் முன்னால் தாம்பாளத்தில் மூன்று செட்டும். ஒவ்வொன்றுக்கும் மல்லிகைச் சரம் சுற்றி, சந்தனத்தைக் குழைத்துப் பெரிய பெரிய பொட்டாக அப்பியிருந்தார் பூசாரி. தீபாராதனை முடிந்து தப்பும் அடித்தாகிவிட்டது. பூசாரி தாம்பாளத்தோடு வெளியே வந்தார். திருவிழாவில் யாருக்கு முதலில் பரிவட்டம் கட்டுவார்களோ அவருக்கு, தலைவருக்கு, முதல் செட். அடுத்த மரியாதைக்காரரான பொருளாளருக்கு இரண்டாவது. தோட்டத்து யூனியன் தலைவருக்கு மூன்றாவது. மூன்று பேரும் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். தாம்பாளம் காலியாகிவிட்டது.

அந்த மூன்று பேரும் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரே கீழ் லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்காரர்கள்.

"தலைவரே, இது அக்காவுக்கு வாங்கினது!"

"இருக்கட்டும்மா. கோயில் சாமானு. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? முறைய மாத்துனா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க."

"நீங்க மூணு பேரும் வாசல் இஸ்தோப்புல நின்னு கூப்பிட்டாலே கேக்குமே! ஒருத்தருக்கொருத்தர் ரேடியோவுல என்னத்த பேசப் போறீங்க? இன்னைக்கு என்ன கறின்னு கேக்கப் போறீங்களா?"

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அது தலைவருக்குச் சுட்டது. "டவுனுக்குப் போனதும் தங்கச்சிக்கு வாய் நீண்டுருச்சு" என்றார் பொதுவாக. "ஏதாவது ஒண்ணுன்னா நாங்க பாக்க மாட்டமா? பொம்பளைங்க கையில குடுத்து, அது தண்ணியில கிண்ணியில விழுந்தா யாரு பொறுப்பு?"

தண்ணீரில் விழுந்தாலும் பேசும் என்றுதானே ஐயா நான் அதைத் தேடி எடுத்தேன்! கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "விடுடி. கோயிலுக்குள்ள சண்ட போடாத. திருவிழா முடியட்டும், நானே கேட்டு வாங்கிக்கிறேன்." அக்கா ஆயுளில் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை. எனக்குத் தெரியும், தலைவருக்கும் தெரியும்.

நாலாவது செட் ஒன்று வாங்கிவிடலாம் என்று நானாவிடம் ஓடினேன். அனுமதி மூன்றுக்குத்தான், கூட்டுவதென்றால் கமிட்டித் தலைவர் மறுபடி கையெழுத்து வைக்கவேண்டும் என்றார். தலைவர் பார்ப்போம் என்றார். பிறகும் பார்ப்போம் என்றார். இதற்கிடையில் பொருளாளர், பல்லேகல கிரிக்கெட் மைதானத்தில் மேட்ச் நாளில் காவலுக்கு நிற்பவர்களைப் போல செட்டை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றினார். தலைவர் தன்னுடையதைச் சாமித்தட்டில் வைத்திருந்தார். மரியாதையாம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மழை ஒரு காலைப்பொழுதில் வந்தது. அடுத்து நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கண்டியில் கடைக்குள் தண்ணீர் வராமல் சாக்குப் போட்டுக்கொண்டு, வேலை செய்யாத போனை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

காம்பராக் கதவு சாத்த வரவில்லையாம். நிலை கோணிவிட்டது. பின்பக்கக் கானில், மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில், காப்பி நிறத்தில் தண்ணீர் பொங்கியது. அக்கா அத்தானை எப்படியோ கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றி, வாசலைப் பார்க்க உட்காரவைத்து, கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைப் போர்த்திவிட்டாள். இழுத்துப் பார்த்தாள், கதிரை நகரவில்லை. போகமாட்டேன் என்று நின்றாள். அத்தான்தான் அதட்டினார். "இங்க நின்னு என்ன செய்யப் போற? எறங்கிப் போய் நாலு பேரக் கூட்டிட்டு வா. நான் எங்க ஓடியா போயிருவேன்?" அக்கா இறங்கினாள்.

வழுக்குகிற படிகளில் அவ்வளவு தூரமும் இறங்கித் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். ஆம்பிளைகள் எல்லாரும் கீழே தார் ரோட்டில் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பொருளாளர் இடுப்புச் செட்டோடு அங்கேதான் இருந்தார். தலைவர் சாமித்தட்டிலிருந்து தன் செட்டை எடுத்து, கண்ணில் ஒற்றி, அமுக்கிப் பேசினார். பதில் இல்லை. மறுபடி பேசினார். பதில் இல்லை. அப்புறம்தான் ஓர் ஆளை ஓடவிட்டார்கள். பொருளாளர் பின்னால் சொன்னது என்ன தெரியுமா? "ஸ்ஸ்ஸுன்னுதான் சத்தம் வந்துச்சு. தலைவரு சும்மா அமுக்கிப் பாக்குறாருன்னு நெனச்சேன்."

நாலு பேரும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் பிள்ளைக் காம்பரா வளைவைத் தாண்டும்போது மேலே அந்தச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது கடைசி லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது.

எனக்குச் செய்தி கிடைத்தது அத்தானை மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பிறகு. கதிரையோடு எடுத்தார்களாம்.

கருமாதி நடந்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். அக்காவுக்கு அப்போது வீடு அதுதான். தலைவர் வந்தார், கையில் அந்தச் செட். மல்லிகைச் சரம் காய்ந்துபோய் இன்னும் அதில் சுற்றியிருந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"எல்லாம் அந்த அம்மன் செயல். யோசிச்சுப் பாருங்க. இந்தச் செட்டு மட்டும் அக்கா கையில இருந்திருந்தா, அவரு பக்கத்திலயே நின்னு பேசிக்கிட்டு இருந்திருப்பாங்க. ரெண்டு பேருமே போயிருப்பாங்க. அன்னைக்கு நாங்க குடுக்காததாலதான் அக்கா இன்னைக்கு உசுரோட இருக்காங்க."

சில தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. "வாயை மூடுங்க தலைவரே!" என்று கத்திவிட்டேன். "கதவு கோணினதுமே அவ கூப்பிட்டிருந்தா, அவ எறங்கி வந்த நேரத்துக்கு அவங்க ஏறி முடிச்சிருப்பாங்க! ரெண்டு பேரும் இருந்திருப்பாங்க! அம்மன் மேல பழி போடாதீங்க!" யாரோ என் தோளைப் பிடித்தார்கள். தட்டிவிட்டேன்.

அக்கா எழுந்தாள். வெள்ளைச் சேலையில் மெதுவாக நடந்து தலைவர் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க."

கொடுத்தார். அக்கா சரத்தைப் பிய்த்துப் போட்டாள். செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேசுகிற இடத்தில் குண்டூசித் தலையளவு ஒரு துளை இருக்கும், அதன் மேலேதான் பூசாரி சந்தனத்தை அப்பியிருந்தார். காய்ந்து கல்லாகிக் கிடந்தது. நானும் அப்போதுதான் பார்த்தேன். பூசையன்று சண்டை போடுகிற மும்முரத்தில் யார் அதையெல்லாம் கவனித்தார்கள்?

"ஒங்கிட்ட ஊசி இருக்கா?" என்றாள் என்னிடம்.

தையல்காரியிடம் ஊசி இல்லாமலா? பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அக்கா அங்கேயே நின்று அந்தத் துளையைக் குடைந்தாள். மஞ்சள் தூள் அவள் சேலையில் உதிர்ந்தது. ஊசியை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, பொத்தானை அமுக்கினாள்.

"கேக்குதா?"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பொருளாளரின் இடுப்பிலிருந்து அக்காவின் குரல் கீச்சென்று வெளியே வந்தது. தூக்கிவாரிப்போட அவர் பின்னால் நகர்ந்தார்.

"நான் தப்பிச்சுக்க எறங்கல" என்றது அவர் இடுப்பு. "கூப்புடத்தான் எறங்குனேன்."

அன்றைக்கே யூனியன் தலைவர் தன் செட்டைப் பிள்ளைக் காம்பராவில் கொண்டுபோய் வைத்தார். பொருளாளரும் தன்னுடையதைக் கழற்றித் தலைவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அக்கா கையிலிருந்ததை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவளுக்கு இப்போது தற்காலிகமாக ஒரு தகரக் கொட்டகை கொடுத்திருக்கிறார்கள், அதே மலையில், சரிந்த இடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். பக்கத்தில் நடக்க முடியாத இன்னும் இரண்டு கிழங்கள் இருக்கின்றன. கண்டிக்கு வா என்றேன், வரவில்லை.

தினமும் விடிந்ததும், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் போவதற்கு முன்னால், அக்கா செட்டை எடுக்கிறாள். "கேக்குதா?" என்கிறாள். பிள்ளைக் காம்பரா அம்மா அதை வாங்கிக் கீழே சொல்ல, கீழேயிருந்து தலைவர் பதில் சொல்லவேண்டும். சொல்லும்வரை அக்கா விடமாட்டாள். மழைக்கும் விடமாட்டாள், வெயிலுக்கும் விடமாட்டாள், தைப்பொங்கலன்றும் விடவில்லை.

போன மாதம் தலைவர் ஏதோ வேலையாகக் கண்டிக்கு வந்தவர் என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். துணிகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"தங்கச்சி, அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? தெனமும் வேணுமா இது? விடியக்காலைல அந்தக் கொரல் வருமேன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டுக் கெடக்குறேன்."

நான் மெசினை நிறுத்தவில்லை.

"பதில் சொல்லுங்க தலைவரே" என்றேன். "அவ கேக்குறப்பல்லாம் சொல்லுங்க."